இரண்டு வரப்பு, மூன்று வயல்

தஞ்சாவூர்
20.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வானதி எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். நீ, அப்பா, அம்மா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

வந்த அன்றைக்கே வார்டன் மேடம் செல்போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "நீட் எழுதிட்டு வந்து வாங்கிக்கம்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனில் மூன்று நிமிடம் பேசலாம். அதுவும் மேடம் பக்கத்திலேயே நிற்பார். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதற்குள் மூன்று நிமிடம் ஓடிவிடுகிறது. அதனால்தான் இன்லேண்ட் வாங்கி எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதே.

கெமிஸ்ட்ரி டெஸ்டில் நூற்றெண்பதுக்கு ஐம்பத்திரண்டு. என் ரூம் ஹலீமா நூற்று நாற்பது. நாகப்பட்டினத்துப் பெண், தூங்கிக்கொண்டே படிக்கிறாள், எப்படித்தான் வருகிறதோ! என்னைக் கவிழ்த்தது ஆற்றல் வரைபடம். கிளர்வு ஆற்றல் என்று நம் புத்தகத்தில் படித்தோமே, அதேதான். ஒரே வினை இரண்டு படியாக நடக்குமாம். படத்தில் ஒட்டக முதுகு போல இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம். எந்தப் படி மெதுவாக நடக்கும் என்று கேட்டார்கள். கடைசியில் எது அதிக ஆழத்துக்கு இறங்குகிறதோ அது வேகமாக நடக்கும் என்று எழுதினேன். தப்பு. ஏன் தப்பு என்று கேட்டால் சார் மறுபடியும் அதே படத்தைப் போட்டுக் காட்டுகிறார்.

போன வருஷம் இருபத்து மூன்று மார்க்கில் விட்டேன். இந்த வருஷமும் போனால் இன்னொரு வருஷம் கேட்க எனக்கு வாய் வராது அண்ணா. பயமாக இருக்கிறது.

உன் தங்கை,
வானதி

*

குத்தாலம்
28.7.2025

அன்புத் தங்கை வானதிக்கு,

பிரபு எழுதுவது. எல்லோரும் சுகம். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஊரெல்லாம் சுற்றி வருகிறாள், அதனால் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்.

கெமிஸ்ட்ரியில் அரியர் வைத்துப் பாலிடெக்னிக்கை விட்டவனிடம் போய்ச் சந்தேகம் கேட்கிறாயே, உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? ஆனாலும் உன் படத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். தண்ணீர் கட்டும்போது பார்த்தால் அது நம்ம வயல்தான். மேட்டு வயல், நடு வயல், பள்ள வயல். இடையில் இரண்டு வரப்பு. மேட்டு வயலில் நிற்கிற தண்ணீருக்குப் பள்ள வயல் எவ்வளவு ஆழமாக இருந்தால் என்ன? வரப்பு உயரத்துக்கு ஏறினால்தானே வழியும். பள்ளம் ஆழமாக இருந்தால் போன தண்ணீர் திரும்பாது, அவ்வளவுதான். வேகமாகப் போகுமா மெதுவாகப் போகுமா என்பதை வரப்புதான் சொல்லும். உயரமான வரப்பு எதுவோ அங்கேதான் தாமதம். சரியா தப்பா என்று உன் சாரைக் கேட்டுச் சொல். தப்பென்றால் என் பெயரைச் சொல்லாதே.

குறுவை நன்றாக வந்திருக்கிறது. இலைச்சுருட்டுப் புழு மட்டும் தலைகாட்டுகிறது. ஆடிப்பெருக்கு கழிந்ததும் மருந்து அடிக்க வேண்டும். பயப்படாமல் படி. நீ டாக்டராகி அம்மா முழங்காலுக்கு ஊசி போடு, நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறேன்.

அண்ணன்,
பிரபு

*

தஞ்சாவூர்
4.8.2025

என் அருமை அண்ணனுக்கு,

சுகம், சுகம், ரொம்பச் சுகம்! நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நேற்று டெஸ்டில் நூற்று எட்டு. ஆற்றல் வரைபடம் நான்கு கேள்வி, நான்கும் சரி. வரப்பு வரைந்து பக்கத்தில் நாற்று கூட வரைந்துவிட்டேன். சார் பேப்பரை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "யாரும்மா இது சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். எங்க அண்ணன் சார் என்றேன். "என்ன படிச்சிருக்கார்?" என்றார். விவசாயம் என்று சொல்லிவிட்டேன். அரியர் விஷயத்தைச் சொல்லவில்லை, போ!

மருந்து அடிக்கும்போது கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெற்றுடம்போடு போய் நிற்காதே. முகத்துக்குத் துணி கட்டிக்கொள். நீ கட்ட மாட்டாய், எனக்குத் தெரியும். அம்மாவை விட்டுக் கட்டச் சொல்.

இரண்டாம் ஞாயிறு பார்க்க வரலாம். அம்மாவை முறுக்குச் சுடச் சொல்லி எடுத்துக்கொண்டு நீயே வா. அப்பா வந்தால் ஹாஸ்டல் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

உன்,
வானதி

*

குத்தாலம்
19.8.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ நலமா? லெட்டர் தாமதம், ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை, திட்டாதே.

ஒன்பதாம் தேதி சனிக்கிழமை மருந்து அடித்தேன். சட்டை போட்டுத்தான் அடித்தேன், சத்தியமாக. ஆனால் ஸ்பிரேயர் மூடி ஒழுகி முதுகெல்லாம் நனைந்துவிட்டது. பாதி வயல் இருக்கும்போது தலை சுற்றல், வாந்தி, கண்ணெல்லாம் மங்கல். வெயில் சூடு என்று வீட்டுக்கு வந்தேன். அம்மா விடுவாளா? "சனிக்கிழமை எண்ணெய் தேய்க்காம வெயில்ல போனா வேற என்ன ஆகும்? வாடா இப்படி" என்று முற்றத்தில் உட்கார வைத்து, தலை, நெஞ்சு, முதுகு என்று கால் படி நல்லெண்ணெயைத் தேய்த்து ஒரு மணி நேரம் ஊற வைத்துவிட்டாள். அப்புறம்தான் சீயக்காய், வெந்நீர் எல்லாம். அன்றைக்கு ராத்திரி கஷ்டமாகத்தான் இருந்தது. நான்கு நாள் படுத்தேன். இப்போது எழுந்து நடமாடுகிறேன். சூடு இறங்கிவிட்டது.

அப்பா கொண்டுவந்த முறுக்கு உடைந்திருந்ததா? பஸ்ஸில் மடியில் வைக்காமல் காலடியில் வைத்திருப்பார்.

அண்ணன்,
பிரபு

*

தஞ்சாவூர்
25.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். உனக்கு உடம்பு சரியானதில் சந்தோஷம். முறுக்கு தூளாகத்தான் வந்தது. ஹலீமாவும் நானும் கரண்டியால் அள்ளித் தின்றோம். வெயிலில் தொப்பி போட்டுக்கொள். நாளைக்கு ஆர்கானிக் டெஸ்ட். அதனால் இவ்வளவுதான்.

வானதி

*

குத்தாலம்
9.9.2025

வானதிக்கு,

எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். கையெழுத்து கோணலாக இருக்கும், கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறொன்றுமில்லை, சோம்பல்.

இரண்டு சந்தேகம். சும்மாதான் கேட்கிறேன். நாம் வயலுக்கு அடிக்கிற மருந்து தண்ணீரில் கரையுமா, எண்ணெயில் கரையுமா? இன்னொன்று, உன் படத்தில் நடு வயல் வரைக்கும் வந்த தண்ணீரைத் திரும்பவும் மேட்டு வயலுக்கு ஏற்ற முடியுமா? பள்ள வயலுக்கே போய்விட்டால்? இந்த மருந்து உடம்பில் இப்படித்தான் இரண்டு படியாக வேலை செய்யும் என்று ஒருவர் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. உன் சாரைக் கேட்டு எழுது. அவசரமில்லை.

இந்த ஞாயிறும் வர முடியாது. அப்பா வருவார்.

பிரபு

*

தஞ்சாவூர்
16.9.2025

அரியர் அண்ணனுக்கு,

சுகம்தானே? நான் சுகம். அப்பாதான் இளைத்துத் தெரிந்தார். விரிசல் கூடப் பார்க்கவில்லை, வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். அம்மா சரியாகச் சோறு போடுவதில்லையா?

அடேயப்பா, என்ன கேள்வி கேட்டிருக்கிறாய்! கெமிஸ்ட்ரி சாருக்கே பதில் தெரியாமல் பயாலஜி சாரிடம் போனேன். அவர் அரை மணி நேரம் சொன்னார். ஹலீமாவும் நோட்ஸ் எடுத்துக்கொண்டாள்.

முதல் கேள்வி. அந்த மாதிரி மருந்து எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். தண்ணீர் பட்டால் தோலில் கொஞ்சம் நிற்கும், எண்ணெய் பட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். மேலே பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டுமாம்.

இரண்டாவது கேள்விக்குத் தனித்தாளில் படம் போட்டிருக்கிறேன், பார். மேட்டு வயல் என்பது நம் நரம்பில் இருக்கிற புரதம். மருந்து வந்து அதில் ஒட்டுகிறது. அது முதல் வரப்பு. குட்டை வரப்பு, சட்டென்று தாண்டிவிடும். இப்போது நடு வயல். இங்கே நிற்கும் வரைக்கும், மாற்று மருந்து கொடுத்து என்ஜின் வைத்து இறைப்பது போல மேலே ஏற்றப் பார்க்கலாம். ஆனால் அதிக நேரம் நிற்காது. ஒட்டினது மெதுவாக இறுகிவிடும். அது இரண்டாவது வரப்பு. அதைத் தாண்டிப் பள்ள வயலில் விழுந்துவிட்டால் அவ்வளவுதான், எந்த என்ஜின் குழாயும் அங்கே எட்டாது. சிவப்புப் பேனாவால் பெரிதாக எழுதியிருக்கிறேன்: 'பள்ள வயல் - இனி திரும்ப வழி இல்லை!' பக்கத்தில் கும்பிடு போடுகிற பொம்மை.

நன்றாக இருக்கிறதா? சுவரில் ஒட்டி வை. என் ஞாபகம் வரும்.

உன் டாக்டர் தங்கை,
வானதி

*

குத்தாலம்
3.10.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

படம் கிடைத்தது. தெளிவாக இருந்தது. இங்கே ஒருவரிடம் காட்டினேன். "யார் போட்டா? ரொம்ப சரியா போட்டிருக்காங்களே" என்றார். பெருமையாக இருந்தது.

குறுவை அறுத்தாயிற்று. அப்பாவே மிஷின் பேசி அறுத்தார். தீபாவளிக்கு நீ வர வேண்டாம். பஸ்ஸில் கூட்டம், வந்து போனால் ஒரு வாரம் படிப்பு கெடும். அங்கேயே இருந்து படி. புதுத் துணி அப்பா கொண்டுவருவார்.

அண்ணன்

*

தஞ்சாவூர்
6.10.2025

அண்ணனுக்கு,

நான் சுகமாக இல்லை. நீயும் சுகமாக இல்லை. இனிமேல் நலம் என்று எழுதாதே.

உன் இன்லேண்டைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். மேலே குத்தாலம் என்று எழுதியிருக்கிறாய். தபால் முத்திரை தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் என்று இருக்கிறது. அது இந்த ஹாஸ்டலிலிருந்து இரண்டு கிலோமீட்டர். மொட்டைமாடியில் ஏறினால் அந்த ஆஸ்பத்திரித் தண்ணீர்த் தொட்டி தெரியும். நீ அங்கே என்ன செய்கிறாய்?

நேற்று அப்பாவிடம் போனில் கேட்டேன். "எல்லாரும் நல்லா இருக்கோம்மா, நீ படி" என்றார். அவர் பின்னால் யாரோ, "பார்வையாளர் நேரம் முடிஞ்சிடுச்சு, கிளம்புங்க" என்று சத்தம் போட்டார்கள். நம் வீட்டில் யார் பார்வையாளர்? கேட்பதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. இன்னொரு தடவை பேசவேண்டும் என்று அழுதேன். "அடுத்த ஞாயிறு பேசலாம்மா, எல்லாருக்கும் ஒரே ரூல்தான்" என்றார் மேடம்.

இதை எந்த விலாசத்துக்குப் போடுவது என்று கூடத் தெரியவில்லை. நீ இரண்டு கிலோமீட்டரில் இருக்கும்போது குத்தாலத்துக்குத்தான் போட வேண்டியிருக்கிறது. உடனே எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

வானதி

*

தஞ்சாவூர்
20.10.2025, தீபாவளி

என் தங்கைக்கு,

உன் லெட்டர் குத்தாலம் போய், அப்பா ஊருக்குப் போனபோது பார்த்து எடுத்துவர இத்தனை நாள். கோபித்துக்கொள்ளாதே.

மருந்து அடித்து மூன்று வாரம் கழித்துக் கெண்டைக்கால் இழுத்தது. அப்புறம் பாதம் மரத்தது. செப்டம்பர் முதல் வாரம் செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரியாமல் நடந்திருக்கிறேன். பிறகு பாதம் தொங்கிப்போய்த் தடுக்கி விழ ஆரம்பித்தேன். குத்தாலத்தில் ஒரு டாக்டர் மருந்தால் வந்தது, இரண்டு படி, வரப்பு தாண்டிவிட்டதா பார்க்க வேண்டும் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அதைத்தான் உன்னிடம் கேட்டேன். செப்டம்பர் கடைசியில் இங்கே சேர்த்தார்கள். இரண்டு பேர் பிடித்தால்தான் நிற்கிறேன். உன் படத்தைக் காட்டியது இங்குள்ள பெரிய டாக்டரிடம்தான். அவர் சொன்னது எதுவும் புரியாமல் இருந்தேன். உன் பொம்மை கும்பிட்டதும் புரிந்துவிட்டது.

முதல் நாளே வந்திருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாது தம்பி. சோப்பு போட்டுக் கழுவியிருந்தா உள்ள போனது குறைஞ்சிருக்கும்" என்றார். பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம், வருஷக்கணக்கில் ஆகும் என்கிறார். அவர்களும் என்ன செய்வார்கள்?

இப்போது நான் கேட்பதை மட்டும் செய். எண்ணெய் மருந்தை உள்ளே இழுத்த விஷயம் எனக்கும் உனக்கும்தான் தெரியும். அப்பாவுக்குக் கூடத் தெரியாது. அம்மா இங்கேதான் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை போனாலும் அப்புறம் அவளை மீட்க முடியாது. எனக்குக் கால் போனது போகட்டும்.

படிப்பை விட்டுவிட்டு ஓடிவராதே. வந்தால் நான் பேச மாட்டேன்.

பிரபு

*

தஞ்சாவூர்
27.10.2025

அண்ணனுக்கு,

நேற்று மேடமே ஆட்டோ வைத்து அழைத்து வந்தார். ஒரு மணி நேரம் உன் பக்கத்தில் இருந்தேன். அம்மா நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி உன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நீ என்னைப் பார்த்தாய். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஆகஸ்டு லெட்டரில் நீ எண்ணெய் என்று எழுதியிருந்தாய். ஸ்பிரேயர் ஒழுகியது, கண் மங்கியது எல்லாம் எழுதியிருந்தாய். படித்துவிட்டு முறுக்கைப் பற்றிப் பதில் போட்டேன் அண்ணா. வெயிலில் தொப்பி போடச் சொன்னேன். அன்றைக்குப் பதினாறு நாள் ஆகியிருந்தது, என்ன எழுதியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று ஹலீமா சொல்கிறாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. நீ எனக்கு வரப்பைச் சொல்லிக் கொடுத்தாய். நான் உனக்கு அதிலேயே சிவப்பு மையில் தீர்ப்பு எழுதி, பொம்மையும் போட்டு அனுப்பினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போடு.

நான் வாய் திறக்க மாட்டேன். சத்தியம்.

வானதி

*

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி
14.11.2025

அன்பு மகள் வானதிக்கு அம்மா பூவம்மாள் எழுதுவது. இங்கு நாங்கள் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடு. எனக்கு எழுத்து அவ்வளவு வராது, ஐந்தாவதோடு சரி. அப்பாவை எழுதச் சொல்லலாம், ஆனால் இது நானே கேட்க வேண்டியது.

அன்றைக்கு வந்தபோது நீ என் முகத்தையே பார்க்கவில்லை. அம்மா மேல் கோபமா கண்ணு? கோபம் இருக்கும். தப்பு என்னுடையதுதான். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். சூடு ஏறி வந்த அன்றைக்கு அவனுக்கு எண்ணெய் தேய்த்தேன். தலைக்குத் தேய்த்தேன், நெஞ்சுக்கு, முதுகுக்குத் தேய்த்தேன். அவன் உயிர் அதனால்தான் தங்கியது. ஆனால் என் முழங்கால் வலிக்கிறது என்று குனிந்து காலுக்குச் சரியாகத் தேய்க்காமல் விட்டுவிட்டேன். அந்தச் சூடு இறங்கி வந்து காலில் நின்றுவிட்டது. டாக்டரிடம் இதைச் சொல்லப் போனால் பிரபு, "சும்மா இரும்மா" என்று கத்துகிறான். இப்போது காலையும் சாயந்திரமும் விடாமல் தேய்க்கிறேன்.

நீ டாக்டருக்குப் படிக்கிறவள். நல்லெண்ணெயே போதுமா, வேறு எண்ணெய் வேண்டுமா? இன்னும் எத்தனை நாள் தேய்த்தால் கால் வரும்? தெரிந்ததை மறைக்காமல் எழுது.

அம்மா

*

தஞ்சாவூர்
19.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் வானதி கும்பிட்டு எழுதுவது. நான் நலம். உன் முழங்காலைப் பார்த்துக்கொள். தரையில் படுக்காதே, பனிக்காலம் வருகிறது.

உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை அம்மா. சார் இரண்டு பேரையும் கேட்டுவிட்டேன். அன்றைக்கு நீ காலுக்குத் தேய்க்காததால் எதுவும் ஆகவில்லை. இது சத்தியமான உண்மை.

நல்லெண்ணெயே நல்லது. லேசாகச் சூடு பண்ணி, பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் தேய். எத்தனை நாள் என்று புத்தகத்தில் போடவில்லை. நீ தேய்த்துக்கொண்டே இரு.

உன் மகள்,
வானதி